கரிசல் நிலத்து உரமும் மன்னார் வளைகுடா மீனும்

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

விருதுநகர் ஜில்லாவுக்குக் கடற்கரை இல்லை. சாத்தூரிலோ சிவகாசியிலோ உள்ள நிலச்சுவான்தார் ஒருவரிடம் கடல் மீனின் ஆகாரத்தைப் பற்றிப் பேசப் புகுந்தால், “இது மீன்வள இலாகாவினர் கவனிக்க வேண்டிய விஷயமாயிற்றே, விவசாயப் பத்திரிகையில் இதற்கென்ன இடம்?” என்று அவர் வினவுவது நியாயமே. ஆயினும், மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் வைப்பாறு வெம்பக்கோட்டை, சாத்தூர் வழியே ஓடி, இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியையும் சேர்த்துக்கொண்டு, விளாத்திகுளம் தாலுகாவில் சிப்பிக்குளத்திற்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது என்பதை யாவரும் அறிவர். திருச்சுழி வழியே செல்லும் குண்டாறும் முடிவில் அதே வளைகுடாவையே அடைகிறது. 1985-ஆம் ஆண்டில் இராமநாதபுரத்தினின்று இந்த ஜில்லா பிரிக்கப்பட்டபோது எல்லைக் கற்கள் மாறின. ஆறுகளின் போக்கு மாறவில்லை. நம் நிலத்திலும் தெருவிலும் தொழிற்சாலையிலும் நாம் விடுவது எதுவோ அதுவே, மழைக்காலத்தில், வேம்பார், கீழவைப்பார் மீனவர்கள் வலை வீசும் நீரைச் சென்றடைகிறது. அவ்வாறு சென்றடைவது அங்கே என்ன விளைவிக்கிறது, அதனால் நமக்கு நேரும் நஷ்டம் எவ்வளவு, அதைத் தடுக்க நாம் செய்யத்தக்கவை யாவை என்பவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு எடுத்துரைப்போம்.

கடலிலும் ஒரு பயிர் உண்டு

நிலத்தில் ஆடுமாடுகளுக்குப் புல் எவ்வாறு ஆதாரமோ, அவ்வாறே கடலில் மீன்களுக்கு ஆதாரமாக ஒரு பயிர் உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதன்று. ஒரு குவளைக் கடல்நீரைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், வேரும் இலையும் இன்றி நீரில் மிதந்து திரியும் நுண்ணிய பூண்டுகள் எண்ணிறந்தவை காணப்படும். இவற்றையும், இவற்றை மேயும் சிறு பிராணிகளையும் சேர்த்துச் சாஸ்திரிகள் ‘பிளாங்க்டன்’ என்பர். நாம் முன்னவற்றை மிதவைப் பூண்டுகள் என்றும், பின்னவற்றை மிதவைப் பிராணிகள் என்றும் வழங்குவோம்.

மிதவைப் பூண்டுகளுள் மிகவும் உபயோகமானது டயாட்டம் எனப்படும் பளிங்குப் பாசி. நெல்லின் உமியிலும் வைக்கோலிலும் உள்ள மணற்சத்தை ஒத்த பொருளால் ஆகிய ஓடு இதற்கு உண்டு. இது சூரிய வெளிச்சத்தைக் கொண்டு தன் ஆகாரத்தைத் தானே சமைத்துக்கொள்வது. தழைச்சத்து, மணிச்சத்து முதலியவற்றை நீரிலிருந்தே உறிஞ்சிக்கொள்வது. இதனைத் துடுப்புப் போன்ற கால்களையுடைய சிறு மிதவைப் பிராணிகள் மேய்கின்றன. அப்பிராணிகளையும் பூண்டுகளையும் சூடை, சாளை முதலிய சிறு மீன்கள் தின்கின்றன. அவற்றை வஞ்சிரம் போன்ற பெருமீன்கள் வேட்டையாடுகின்றன. ஒவ்வொரு படியிலும் உண்ட ஆகாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே உடம்பாக நிலைபெறுகிறது. எஞ்சியது உயிர்வாழ்வதிலேயே செலவாகிறது. இக்கணக்கின்படி ஒரு கிலோ வஞ்சிரத்திற்குப் பின்னே ஏறத்தாழ ஆயிரம் கிலோ மிதவைப் பூண்டு நிற்கிறது. அடிப்படியில் நேரும் சிறு மாறுதலும் மேற்படியில் பெருநஷ்டமாவது இதனாலேயே.

இவ்வுண்மை நம் மாகாணத்திற்குப் புதிதன்று. சென்னை மாகாண மீன்வள இலாகாவின் டைரக்டராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1917-ஆம் ஆண்டிலேயே, மலையாளக் கரையில் மீன்கள் கூட்டங்கூட்டமாக மடிவதற்கு நுண்ணுயிர்ப் பெருக்கம் காரணமாவதை எழுதினார். 1923-ல் அவரும் ராமஸ்வாமி நாயுடுவும் சேர்ந்து, சாளை மீனின் வாழ்க்கையையும் அக்கரையின் பிளாங்க்டனையும் பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மீன்வளத்தை அறிய வேண்டுமாயின் நீரில் மிதக்கும் பயிரை அறிய வேண்டும் என்னும் வழக்கு இவ்வாறு நூறாண்டுகளுக்கு முன்பே இங்கு வேரூன்றியது.

பயிருக்குப் பதிலாகக் களை

எரு மிகுந்தால் பயிரும் மிகும், ஆகவே கடலுக்கு உரம் செல்வது நன்மையே அன்றோ என்று சிலர் கருதக்கூடும். அளவோடு சேர்ந்தால் நன்மையே. ஆற்றுமுகங்களில் மீன் மிகுதியாக இருப்பதற்கு ஆறு கொணரும் சத்தே காரணம். ஆனால் அளவு மிகும்போது நேர்வது என்ன என்பதை நெல் விளைப்பவருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. தழைச்சத்தை மட்டும் அள்ளி இறைத்த வயலில் பயிர் கொழுத்துச் சாய்கிறது, பூச்சியும் நோயும் பற்றுகின்றன, களையும் தலையெடுக்கிறது.

கடலிலும் அவ்வாறே. டயாட்டம் ஓடு கட்டுவதற்கு, தழைச்சத்தின் அணுக்கள் பதினாறு எனின் மணற்சத்தின் அணுக்களும் ஏறத்தாழ பதினாறு வேண்டும். யூரியாவிலும் சாக்கடை நீரிலும் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. மணற்சத்து மிகக் குறைவு. பாறைகளினின்று இயல்பாகக் கரைந்துவரும் மணற்சத்திலும் ஒரு பகுதி அணைகளில் தங்கிவிடுகிறது. எனவே மனிதர் சேர்க்கும் எரு ஏற ஏற, ஓடு வேண்டாத வேறு நுண்ணுயிர்களுக்கு இடம் கிடைக்கிறது. அவற்றுள் பல மீனுக்கு நல்ல ஆகாரம் ஆகா.

அத்தகைய களைகளுள் ஒன்று நாக்டிலூகா. கடுகின் பாதியளவும் இராத, ஒரே உயிரணுவாலாகிய, சிறு சவ்வரிசி போன்ற பிராணி இது. இரவில் அலை மோதும்போது நீல ஒளி வீசுவது இதுவே. 2019 ஆகஸ்டு மாதத்தில் சென்னைக் கடற்கரையில் மக்கள் திரண்டு கண்டு வியந்த ஒளியும் இதனுடையதே. இது டயாட்டங்களை விழுங்குகிறது. மிதவைப் பிராணிகளின் முட்டைகளையும் மீன் முட்டைகளையும் தின்கிறது. இதன் பச்சை இனமோ, தன்னுள் குடியிருக்கும் பச்சைப் பாசியின் உதவியால் வெளிச்சத்தினின்றும் ஆகாரம் பெறுகிறது. மேய்ச்சல் நிலத்தில் புல்லையும் தின்று, கன்றையும் தின்று, தானும் வேர்விட்டு வளரும் ஒரு பிராணி தோன்றினால் எப்படியோ அப்படி. இதனைத் தின்பவை பெரும்பாலும் சொறிமீன் போன்ற சாரமற்ற பிராணிகளே. வலைக்கு வரும் நல்ல மீன்களுக்கு இதனால் பயனில்லை. இது மடிந்து சிதையும்போது உடலில் தேக்கிய அம்மோனியா நீரில் பரவுகிறது. அழுகுவதற்குப் பிராணவாயு செலவாகிறது. மீன்கள் மூச்சு முட்டி மடிகின்றன.

மன்னார் வளைகுடாவில் கண்டது

மண்டபம் கரையோர மீனவர்கள் இப்பச்சைப் படலத்தைப் பூங்கோரை என்பர். இது பழமையானது. 1947-ல் தோன்றிய மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் இயங்கிய காலத்தில், அங்கிருந்த ரகு பிரசாத் என்னும் அறிஞர் 1953-ல் பாக் ஜலசந்திப் பகுதியில் நாக்டிலூகா திரள்வதையும், அதனால் சூடை மீன்பிடிப்பு பாதிக்கப்படுவதையும் பற்றி எழுதினார். யூரியா மூட்டைகள் கிராமந்தோறும் வந்து இறங்குவதற்கு முன்னைய காலம் அது. ஆகவே களை புதிதன்று. களைக்கு இடும் எருவே புதிது.

2008 அக்டோபரில் மன்னார் வளைகுடாவில் பூங்கோரை படர்ந்து மீன்களும் பவளமும் மடிந்தன. 2019 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அது மீண்டும் படர்ந்தது. அப்போது நீரில் கரைந்திருந்த பிராணவாயு லிட்டருக்கு 2 மில்லி கிராமுக்கும் கீழே இறங்கியதாக ஆராய்ச்சியாளர் அளந்தறிந்தனர். வெப்பக் கடல்நீரில் இயல்பாகக் கரைந்திருப்பது ஏறத்தாழ 6 மில்லி கிராம். விரைவில் வளரும் மூன்று பவள இனங்களில் நூற்றுக்கு 71 வரை மடிந்தன. இந்த வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுபவை. அவற்றுள் உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி, நல்லதண்ணி ஆகிய மூன்றும் வேம்பார்த் தொகுதி எனப்படும்.  பவளப் பாறை மீன் குஞ்சுகளின் தொட்டில். அது சிதைந்தால், அதனைச் சார்ந்து வாழும் மீன் அடுத்த பருவத்தில் வலைக்கு வருவது அரிதாகும்.

இப்பெருக்கம் முழுவதற்கும் வைப்பாறே காரணம் என்று கூறுதல் தவறாகும். நீரோட்டமும் வெப்பமும் காற்றின் அமைதியும் சேர்ந்தே பூங்கோரையைத் திரட்டுகின்றன. கரையோரப் பட்டணங்களின் கழிவும் உண்டு. ஆனால் விதை எங்கிருந்து வந்தாலும், எருவிட்ட நிலத்திலேயே களை செழிக்கும்.

நம் ஜில்லாவின் பங்கு

“நம் ஆற்றில் தண்ணீர் ஓடுவதே ஆண்டிற்குச் சில வாரங்கள், அதில் கடலை எட்டுவது எவ்வளவு?” என்பது இயல்பாக எழும் கேள்வி. சில வாரங்களே ஓடும் ஆற்றுக்கு ஒரு கெடுதி உண்டு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கழிவைச் சிறிது சிறிதாகக் கொண்டுசெல்லும். வறண்ட ஆறோ, பல மாதங்கள் மணலிலும் ஓடையிலும் சேர்ந்ததை ஐப்பசி, கார்த்திகையின் முதல் வெள்ளத்தில் ஒரே மூச்சில் வாரிச் செல்லும். அவ்வாறு செல்பவை பின்வருமாறு:

முதலாவது, உரம். மானாவாரிக் கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பகுதிகளில் நெல்லும் பயிராகின்றன. மழை வரும் என்று கண்டவுடன் யூரியாவை மேலாக விசிறிவிடும் வழக்கம் பல கிராமங்களில் உண்டு. மழை சாரலாக வந்தால் பயிருக்கு. பெருமழையாக வந்தால் ஓடைக்கு.

இரண்டாவது, சாக்கடை. ஒரு மனிதரின் மலஜலத்தில் ஆண்டிற்கு ஏறத்தாழ 2½ முதல் 3 கிலோ தழைச்சத்து கழிகிறது. ஆயிரம் பேருள்ள கிராமத்தில் இது 120 யூரியா மூட்டைகளுக்குக் குறையாது. விருதுநகர்ப் பட்டணத்தின் கழிவு கௌசிகா நதியில் சேர்ந்து குல்லூர்சந்தை நீர்த்தேக்கத்தைக் கெடுப்பதைப் பற்றி அப்பகுதி விவசாயிகள் பல்லாண்டுகளாக முறையிட்டு வந்துள்ளனர்.

மூன்றாவது, பட்டாசுத் தொழிலின் எச்சம். வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டில் நூற்றுக்கு 13 பங்கு தழைச்சத்து உண்டு. சொட்டு நீர்ப்பாசனத்திற்கு 13:0:45 என்று விற்கப்படும் உரமும் இதே உப்பே. சாக்கிலிருந்து சிந்தினாலும், வேலைக் கொட்டடி கழுவிய நீரில் வந்தாலும், பாசிக்கு அது எருவே. பச்சை ஒளிக்குச் சேர்க்கப்பட்ட பேரிய உப்புகளை 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு தடை செய்தது. நீல ஒளி தரும் செம்பு உப்புகளோ வேறு வகை. மயில்துத்தத்தால் தொட்டிப் பாசியைக் கொல்லும் விவசாயிக்கு, செம்பு மிதவைப் பூண்டுகளை என்ன செய்யும் என்பது எளிதில் விளங்கும். நற்பாசி மடிந்து வன்பாசி எஞ்சுவதற்கு அதுவும் வழியாகும்.

நான்காவது, பூச்சிமருந்து. துடுப்புக்கால் பிராணிகள் பூச்சி வர்க்கத்திற்கு நெருங்கிய உறவு. பூச்சியைக் கொல்லும் மருந்து மிகச் சிறிய அளவிலேயே இவற்றையும் கொல்லும். பொறிவண்டு மடிந்த பருத்திக்காட்டில் அசுவினி எவ்வாறு பெருகுகிறதோ, அவ்வாறே மேய்வன மடிந்த நீரில் பாசி கட்டின்றிப் பெருகும்.

ஒரு மூட்டை யூரியாவின் கணக்கு

45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ. இதில் கால் பங்கு, சுமார் 5 கிலோ, வெள்ளத்தோடு போயிற்று என்று கொள்வோம். ஒரு கிலோ தழைச்சத்தை உண்டு வளர்ந்த பாசி முழுவதும் மடிந்து மக்குவதற்கு ஏறத்தாழ 20 கிலோ பிராணவாயு வேண்டும். 5 கிலோவுக்கு 100 கிலோ. கடல்நீர் லிட்டர் ஒன்றில் 6 மில்லி கிராம் பிராணவாயு உள்ளதெனின், 100 கிலோவுக்கு ஏறத்தாழ 1 கோடியே 67 லட்சம் லிட்டர் நீரின் பிராணவாயு முழுவதும் செலவாக வேண்டும். இரண்டரை ஏக்கர் பரப்பில் ஐந்தரை அடி ஆழம் நிற்கும் நீர் அவ்வளவு இருக்கும். காற்றும் அலையும் பிராணவாயுவை மீண்டும் கலப்பதால் சேதம் எப்போதும் இவ்வளவு ஆவதில்லை. ஆயினும் காற்றசையாத நாட்களில், தாழ்ந்த நீரில், இக்கணக்கு மெய்யாகிறது. விவசாயி இழந்ததோ ஒரு மூட்டையின் கால் விலை. மீனவர் இழப்பது ஒரு பருவத்து மீன்.

கண்மாயே நமக்கு முதற் கடல்

கடலுக்கு முன் இச்சேதத்தை அனுபவிப்பவை நம் கண்மாய்கள். கிராமத்தில் மீன் ஏலத்தை ‘மீன்பாசி ஏலம்’ என்றே பெரியோர் வழங்கினர். பாசியும் மீனும் ஒன்றையொன்று சார்ந்தவை. கண்மாய் நீர் பச்சை வண்ணக் குழம்பு போல் மாறி, ஒரு மேகமூட்டமான விடியற்காலையில் மீன்கள் வாய் பிளந்து மேலே மிதப்பதைக் காணாத கிராம அதிகாரி இரார். பகலில் பிராணவாயுவை வெளியிடும் பாசி இரவில் தானும் அதை மூச்சிழுக்கிறது. பாசி மிகுந்த நீரில் விடியுமுன் பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. வளைகுடாவிலும் பாசி மிகுந்து பிராணவாயு தீர்வதே மீனைக் கொல்கிறது.

இதனை எவரும் வீட்டிலேயே சோதித்தறியலாம். இரண்டு கண்ணாடி ஜாடிகளில் கண்மாய் நீரை நிரப்புக. ஒன்றில் 17:17:17 கலப்பு உரம் ஒரு சிட்டிகை இடுக; மற்றதில் ஒன்றும் இடவேண்டாம். இரண்டையும் வெளிச்சம் படும் திண்ணையில் வைக்க. பத்து நாட்களுக்குள் உரமிட்ட ஜாடி பசுமையேறுவது தெரியும். பின்னர் அதனை மூடி இருட்டறையில் ஒரு வாரம் வைத்துத் திறந்தால் துர்நாற்றம் வீசும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டத்தக்க சோதனை இது.

விவசாயிகள் செய்யத்தக்கவை

1. மண்ணைப் பரிசோதித்து, மண்வள அட்டையில் கண்ட அளவே உரமிடுதல். தழைச்சத்தை மட்டும் மிகைப்படுத்தாமல் மணி, சாம்பல் சத்துக்களையும் சமன்செய்தல்.

2. தழைச்சத்தைப் பகிர்ந்து இடுதல். இறவை மக்காச்சோளத்திற்குக் கால் பங்கை விதைக்கும்போதும், பாதியை 25-ஆம் நாளிலும், எஞ்சிய கால் பங்கை 45-ஆம் நாளிலும் இடலாம். பெருமழை எதிர்பார்க்கும் நாளில் இடாதிருத்தல் நலம்.

3. யூரியாவை விசிறாமல், செடிவரிசையின் ஓரமாக இட்டு மண்ணால் மூடுதல். 2015 முதல் வேப்பெண்ணெய் பூசிய யூரியாவே விற்கப்படுகிறது. அதன் சத்து மெல்லக் கிடைப்பது நன்மையே. ஆனால் மேலே கிடந்தால் அதுவும் வெள்ளத்தோடு போகும்.

4. சரிவுக்குக் குறுக்கே வரப்பிட்டு, ஓடைக்கரையை ஒட்டி வெட்டிவேர் அல்லது கொழுக்கட்டைப் புல்லைப் பட்டையாக வளர்த்தல். புல் மாட்டுக்கு, தடுத்த வண்டல் நிலத்துக்கு.

5. பருத்தியில் உளுந்து, பாசிப்பயறு ஊடுபயிராக விதைத்தல். காற்றின் தழைச்சத்தை அவை இலவசமாகச் சேர்க்கும்.

6. பூச்சிமருந்து தெளிக்கும் கருவிகளையும் காலி டப்பாக்களையும் வாய்க்காலிலோ கண்மாயிலோ கழுவாதிருத்தல்.

7. கோடையில் சர்க்கார் அனுமதி பெற்றுக் கண்மாய் வண்டலை நிலத்திற்கு அடித்தல். போன உரம் திரும்பி வரும் வழி இதுவே, கண்மாயும் ஆழமாகும்.

கிராம அதிகாரிகளும் ஊராட்சியாரும் செய்யத்தக்கவை

வரத்துக்கால்களைப் புரட்டாசிக்குள் ஒருமுறை நடந்து பார்த்து, எங்கெங்கே சாக்கடையும் தொழிற்சாலை நீரும் வந்து விழுகின்றன என்பதைக் குறித்துக்கொள்ளல் முதல் வேலை. சாக்கடை நீரை உறிஞ்சு குழிகளிலோ, நாணலும் கோரையும் வளர்ந்த தேக்கக் குட்டைகளிலோ தங்கவிட்டால் சத்தின் பெரும்பகுதி அங்கேயே நிற்கும். எருக்குழிகள் வாய்க்காலுக்கு அப்பால் மேட்டில் அமைய வேண்டும். பட்டாசுத் தொழிற்சாலை முதலாளிகளிடம், உப்புகளைக் கூரையின் கீழ் சேமிக்கவும், கழுவிய நீரை ஓடையில் விடாமல் கட்டிய தொட்டியில் ஆவியாக்கவும் வற்புறுத்துதல் அவசியம். மீறினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு எழுத்து மூலம் அறிவித்தல் முறை. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடும் தொழிலை இது எவ்விதத்திலும் குறைக்காது; சிந்தும் உப்பும் முதலாளியின் பணமே அன்றோ?

முயற்சி வீண்போகாது

இத்தகைய சேதம் மீளக்கூடியதா என்னும் ஐயம் எழலாம். கருங்கடலின் வடமேற்குப் பகுதியில் 1970, 1980-களில் டான்யூப் நதி கொணர்ந்த உரத்தாலும் கழிவாலும் நாக்டிலூகாவும் சொறிமீனும் பெருகி, அடிநீரில் பிராணவாயு தீர்ந்து, பரந்த கடற்படுகையில் உயிர்கள் மடிந்தன. 1990-ஐ ஒட்டிக் கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் பொருளாதாரம் நிலைகுலைந்து உர உபயோகம் சுருங்கியது. அதன்பின் சில ஆண்டுகளில் அந்த மூச்சற்ற பரப்பும் சுருங்கலாயிற்று. இதற்கு மாறாக, மிசிசிப்பி நதி விழும் மெக்சிகோ வளைகுடாவில் அத்தகைய பரப்பு 2017 கோடையில் 22,000 சதுர கிலோ மீட்டரைத் தாண்டியது. அங்கு நதியின் வழியே வருவதும் பெரும்பாலும் சோள வயல்களின் உரமே.

அங்கே விளைச்சல் கெட்டு உரம் குறைந்தது. நமக்கு அவ்விதம் நேர வேண்டுவதில்லை. வேர் உண்ணாத உரத்தை மட்டும் நாம் மிச்சம் பிடித்தால் போதும். அதனால் விளைச்சல் குறையாது, செலவு குறையும், கண்மாய் தெளியும், வேம்பார்க் கரையில் சூடை மீனுக்கு ஆகாரம் நிற்கும். வரும் ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு கிராமத்திலும் மண் பரிசோதனையும் வரத்துக்கால் பார்வையும் நடைபெறுமாறு விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் ஒத்துழைப்பார்களாக.